பால் தடவிய இருபத்துநாலு

உ
பழமலைநாதர் துணை

விருத்தாசலம்
20-6-1976

அன்புள்ள தங்கச்சி ஜைத்தூனுக்கு, அக்கா விருத்தாம்பாள் எழுதிக்கொண்டது.

மே மாதம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்சவல்லியைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளை வைத்திலிங்கம், அவர் தாயார் காசியம்மாள், தாய்மாமன் சாமிக்கண்ணு, மெட்ராஸில் வாழ்க்கைப்பட்ட அக்கா வாசுகி, வாசுகியின் கணவர், ஆக ஐந்து பேர். நம் பக்கம் என் வீட்டுக்காரர், நான், கொழுந்தனார், அவர் மனைவி வீரம்மாள், எதிர்வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் ஐயா, இந்த இடத்தைச் சொன்ன தரகர், ஆக ஆறு. மொத்தம் பதினோரு பேர். அம்சவல்லி வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டதால் அவளைச் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அத்தனை பேருக்கும் நடுவில் ஒருத்தி வாயிலிருந்து எந்தச் சொல் எப்படி வந்து விழும் என்பது அவளுக்கே தெரியாது. நீ யோசித்துப் பார்.

நீ சொல்லிக்கொடுத்த பலகாரம் நன்றாக அமைந்தது. மாம்பழம் ஆறு. தோல் சீவித் துண்டு போட்டு, ஒரு கரண்டி நெய்யில் புரட்டி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு இறக்கினேன். பஃப்ஸைத் தோசைக்கல்லில் சூடு காட்டி, நடுவில் பிளந்து, பழத்தை வைத்துக் கொடுத்தது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. முன்னாலேயே வைத்தால் நமுத்துவிடும் என்று நீ சொன்னபடி, அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வைத்தோம். இருபத்துநாலில் தலைக்கு இரண்டாக இருபத்திரண்டு போயிற்று. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தொழிற்பேட்டையில் விளிம்பு கோணியது என்று ஒதுக்கிய பீங்கான் தட்டுகளில் வைத்தும் பார்வையாகவே இருந்தது.

காரியம் கூடி வரும்போல் இருக்கிறது. ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கொல்லைப்பக்கமாகவே சொல்லாமல் போய்விட்டாய். மறுநாள் உன் வீட்டில் பூட்டு தொங்கியது. தாயாருக்குக் காலில் அடி என்று உன் தம்பி அமீனுதீன் சொன்னார். அதையும் என் முகம் பார்க்காமல்தான் சொன்னார். இப்போது நடக்கிறார்களா? கூடத்தில் ஏதாவது காதில் விழுந்திருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே. பேச்சுவாக்கில் வந்தது. உன் வீட்டுக்காரர் கலீல் ரஹ்மான் தம்பிக்குக் குவைத்துக்கு எழுதும்போது நாங்கள் விசாரித்ததாக எழுது.

உன் அக்கா,
விருத்தாம்பாள்


786

பரங்கிப்பேட்டை
28-6-1976

அம்சவல்லியின் அம்மா அவர்களுக்கு, ஜைத்தூன் பீவி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. உம்மா பரண் ஏறி விழுந்ததில் கணுக்காலில் விரிசல். கட்டுப் போட்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து எல்லாரையும் அதட்டுகிறார்கள், அதனால் குணமாகிவிடும் என்று தெரிகிறது.

நீங்கள் கணக்கில் தப்புப் பண்ணுகிறவர்கள் இல்லை. நாலு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவள் நான். அரைத் தேங்காய் கடன் வாங்கினாலும் எழுதி வைத்து முழுத் தேங்காயாகத் திருப்புவீர்கள். அன்றைக்குப் பதினோரு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்காத அம்சவல்லியையும் சேர்க்கவில்லை என்று எழுதினீர்கள். அடுப்படியில் தோசைக்கல் பக்கத்தில் ஒருத்தி நின்றாளே, அவளைச் சேர்க்கவில்லை என்றுகூட எழுதவில்லை. மீதி இரண்டு பஃப்ஸில் ஒன்று அப்போது என் கையில்தான் இருந்தது.

பேச்சுவாக்கில் வந்தது என்கிறீர்கள். எப்படி வந்தது என்று நான் எழுதுகிறேன். சரியா என்று பாருங்கள்.

முதலில் மெட்ராஸ் பொண்ணு கேட்டது: "அத்தை, எல்லா வூட்டுலயும் கேசரி பஜ்ஜிதான். இது புதுசா இருக்குதே. நீங்களே செஞ்சீங்களா?"

"ஆமாம்மா, எல்லாம் என் கையாலதான்." இது நீங்கள். நான் உள்ளே சிரித்துக்கொண்டேன். பெருமைக்குச் சொல்கிறீர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா: "இவ்ளோ மெலிசா அடுக்கடுக்கா எப்படிம்மா வந்துச்சு? எண்ணெயில போட்டியா? கையில ஒட்டலியே."

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த மாமன்காரர், "சம்பந்தி தொழிற்பேட்டையில இல்ல வேலை பாக்கறாரு? கப்பு சாஸரோட சேத்து சூளையில வச்சு சுட்டிருப்பாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற அம்சவல்லிகூடச் சிரித்தாள். அப்போது மெட்ராஸ் பொண்ணு சொன்னது: "இது பேக்கரி பஃப்ஸ்மா. எங்க ஊர்ல மேல முட்டை தடவித்தான் சுடுவாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் சொன்னீர்கள்: "ஐயய்யோ, பக்கத்து வூட்டு பாயம்மா கொண்டாந்து குடுத்தாங்க. வூட்டுல செஞ்சது, சுத்தமானதுன்னாங்க. நான் நம்பிட்டேன். என்னை ஏமாத்திட்டாங்களே!"

அதற்குப் பிறகு அந்த அம்மா கிணற்றடியில் வாய் கொப்பளித்த சத்தம். "நீ என்னம்மா பண்ணுவே, வெள்ளந்தி. அவங்க செஞ்ச வேலை" என்று உங்களுக்கே ஆறுதல் சொன்னார்கள்.

மூன்று நாள் முன்னால் உங்களை என் தம்பியின் ரொட்டிக் கடைக்குக் கூட்டிப்போனது நான். முட்டை தடவித்தான் சுடுவோம், சைவக்காரங்க என்றால் பால் தடவித் தனியாகச் சுட்டுத் தருகிறேன் என்று அவன் சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் நின்றீர்கள். புதுத் தட்டு, புது பிரஷ். ஒரு துளி முட்டை கிடையாது. அன்று நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி: கடையில் சொல்லி, பால் தடவி வாங்கியது. அது உண்மையும்கூட.

இப்போது தெற்கு வீதிப் பெண்கள் கடைக்கு வருவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பன் வாங்கும்போது, "பாய், இதுல என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்களாம். தம்பி அதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறான். அவன் அப்படித்தான் எழுதுவான்.

எனக்கு உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம். அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்லவில்லை என்றால் எழுத வேண்டாம்.

ஜைத்தூன் பீவி


விருத்தாசலம்
7-7-1976

ஜைத்தூனுக்கு,

மேலே சாமி பெயர் எழுதவில்லை. கை வரவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நான் இன்னும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் அதற்கு மேலும் ஒன்று செய்துவிட்டேன். அதை உனக்கு வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, மாப்பிள்ளையின் தாயார் காசியம்மாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாள் குறிக்கத்தான் வந்தார்கள் என்று காப்பி போட ஓடினேன். "காப்பி கெடக்கட்டும், கிளம்பு. கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும்" என்றார்கள். மணவாளநல்லூருக்கு வண்டி வைத்துக்கொண்டு போனோம். வழியில்தான் சொன்னார்கள். முட்டை தின்ன நாளிலிருந்து அவர்களுக்கு விளக்கு முன்னால் நிற்க மனசு கூசுகிறதாம். அதனால் பிராது கட்டப்போகிறார்களாம். உனக்குத்தான் தெரியுமே, அநியாயம் நடந்துவிட்டது என்கிறவர்கள் காகிதத்தில் இன்னார் மேல் என்று பேர், விலாசத்தோடு எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள், மூன்று மாதத்துக்குள் சாமி விசாரிப்பார் என்று.

கோயில் வாசலில் பிராது எழுதிக்கொடுக்க ஆள் இருந்தார். காசியம்மாள் அவரிடம் போகவில்லை. "வெளியாளு எதுக்கு? நீதான் முத்து முத்தா எழுதுவியாமே, தரகர் சொன்னாரு" என்று காகிதத்தை என் மடியில் வைத்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் வீட்டுக்காரர் கொண்டுவரும் பழைய பேப்பரைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து. பாட்டுப் புத்தகம் படிக்க வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும் என்றுதான் கற்றுக்கொண்டேன். அந்த எழுத்தால், எங்கள் சைவத்தைக் கெடுத்தவர் இன்னார் என்று உன் பெயரையும், உன் வீட்டுக்காரர் பெயரையும், நம் தெருவையும், கதவு எண்ணையும் எழுதினேன். கதவு எண் காசியம்மாளுக்குத் தெரியாது. நான் எழுதாமல் விட்டிருக்கலாம். கேட்டார்கள், எழுதினேன்.

சுருட்டிக் கட்டியது அவர்கள். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். என்ன என்று கும்பிட்டேன் என்று கேட்காதே.

வந்ததிலிருந்து விளக்கேற்றும்போது உன் தாயாரின் கால் நினைவு வருகிறது. அது பிராதுக்கு முன்னால் விழுந்தது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நினைவு வருகிறது.

அம்சவல்லி என்னோடு பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவள் அன்று உன் பக்கத்தில் நின்றவள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது உனக்குத் தெரியும். இப்போது நான் வாயைத் திறந்தால் இந்த இடமும் போகும். ஆவணியில் கழுத்தில் தாலி ஏறட்டும். ஏறின மறு வாரம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்கிறேன் என்று நீ ஒரு வரி எழுதினால் எனக்கு மூச்சு வரும்.

விருத்தாம்பாள்


786

பரங்கிப்பேட்டை
15-7-1976

அம்சவல்லியின் அம்மா அவர்களுக்கு,

அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன்.

உங்கள் கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கதவு நம்பர்கூடவா எழுதுனா?" என்று கேட்டார்கள். பிறகு, "அந்தப் பொம்பளைதான் உனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஏழு நாளு கஞ்சி கொண்டாந்தவளா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

கொளஞ்சியப்பரைப் பற்றி நான் பேசக் கூடாது. ஆனால் பிராதைப் படிக்கத் தெரிந்த சாமிக்கு, அது யார் கையெழுத்து என்பதும் தெரியும்தானே? எனக்குப் பயமில்லை. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்ததும் சொல்கிறேன் என்கிறீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். அந்த மாமியாரோடு ஒரே அடுப்படியில் நிற்கப் போவது அம்சவல்லி. அவளை அங்கே உட்கார வைத்துவிட்டா சொல்லப் போகிறீர்கள்? எனக்காக வேண்டாம், அவளுக்காக யோசியுங்கள். அவள் எனக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருந்தாள். இரண்டே வரி. அதை உங்களிடம் சொல்ல மாட்டேன், அவளே சொல்லட்டும்.

தம்பி கடையைக் கருவேப்பிலங்குறிச்சிக்கு மாற்றலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான். ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் இருக்கும் கடை.

ஜைத்தூன் பீவி


விருத்தாசலம்
26-7-1976

ஜைத்தூனுக்கு,

சொல்லிவிட்டேன்.

நீ கேட்டது இந்த ஒரு வரிதான். ஆனாலும் எப்படி என்று எழுதிவிடுகிறேன். இதில் எதையும் விடக் கூடாது.

உன் கடிதத்தை அம்சவல்லியிடம் கொடுத்தேன். முதன்முதலாக நானாகக் கொடுத்தது. நின்றபடியே படித்துவிட்டு, "நீ போய்ச் சொல்றியா, நான் போவட்டுமாம்மா?" என்றாள். உனக்கும் அதைத்தான் எழுதியிருந்தாளாம், அம்மா சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று. என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "வந்த இடத்தைக் கெடுத்துக்காத. வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். நான் முகம் கழுவிக்கொண்டு உன் தம்பி கடைக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம். ரொட்டி வாங்க நாலு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் தெரிந்த முகம்.

"என்னக்கா வேணும்?" என்றார் உன் தம்பி.

"வெறும் பஃப்ஸ் தம்பி. உள்ள மசால் வைக்காதது. எட்டு."

அவர் குரலை உயர்த்திக் கேட்டார்: "முட்டை தடவினதா, பால் தடவினதா?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனால் அவர் கேட்டதுதான் நியாயம். நானும் அதே குரலில், "பால் தடவினது. அன்னிக்கு என் பொண்ணைப் பாக்க வந்தப்பவும் பால் தடவினதுதான் வாங்கினேன். இருபத்துநாலு. நீங்க தனித் தட்டுல சுட்டுக் குடுத்தீங்க. முட்டைன்னு சொன்னது பொய். அதுக்குக் காரணம் நான்" என்றேன். தெரிந்த முகங்கள் இரண்டும் என்னைப் பார்த்தன. அமீனுதீன் தராசைத் துடைத்துக்கொண்டே, "காலையில ஆறு மணிக்கு வாங்க. தனியாத்தான் சுடணும்" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் திட்டக்குடி போனேன். மாம்பழம் முடிந்துவிட்டது. ரஸ்தாளிப் பழம் ஒரு சீப்பு வாங்கிப் போனேன். காசியம்மாள் வாசலிலேயே, "என்னம்மா சொல்லாம கொள்ளாம?" என்றார்கள். "உங்க அடுப்படியைக் கொஞ்சம் குடுங்க. அன்னிக்கு அந்த அடுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களே, செஞ்சு காட்டறேன்" என்றேன்.

வாயால் சொன்னால் நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன் என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் செய்து காட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்து எட்டையும் தட்டில் அடுக்கினேன். "இது அமீனுதீன் பாய் கடையில வாங்கினது. மேல பால்தான் தடவியிருக்குது. அன்னிக்கும் இதுதான்" என்றேன். பழத்தை வட்டமாக நறுக்கி நெய்யில் போட்டேன். சர்க்கரை போட்டேன், ஏலக்காய் தட்டிப் போட்டேன். தோசைக்கல்லில் பஃப்ஸைச் சூடு காட்டினேன். "இதைச் சொல்லிக்குடுத்தது ஜைத்தூன் பீவி. அன்னிக்கு அடுப்படியில நின்னு இந்தச் சூடு காட்டினதும் அவதான். நான் ஏமாத்திட்டாங்கன்னு சொன்னப்ப அவ உள்ளதான் நின்னா. முட்டை இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். எல்லாம் என் கையாலன்னு சொன்ன வாயால, கடையில வாங்கினேன்னு சொல்ல வெக்கமா போச்சு. அதுக்காக அவளைச் சொன்னேன்" என்றேன். சொல்லிக்கொண்டே பிளந்து பழத்தை வைத்தேன். அதில் இரண்டு உடைந்துபோயின.

காசியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கடி கடித்தார்கள்.

"இவ்ளோதானா வேலை?"

"இவ்ளோதாங்க."

"இதுல உன்னது என்ன?"

"பழம் மட்டுந்தாங்க."

"பழம் நல்லாத்தான்டி இருக்குது. அதைச் சொல்லியிருக்கலாமே! கடையில வாங்குனதுன்னா ரெண்டு பேச்சு பேசிட்டுத் தின்னுட்டுப் போயிருப்பேன்."

நான் அழவில்லை. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதை ஒரு தடவை செய்துவிட்டார்கள்.

பிறகுதான் கோபம் வந்தது. "கோயில்ல வச்சு என்னைப் பொய்ப் பிராது கட்ட வச்சுட்டியே! அப்பவாவது வாயைத் தொறந்திருக்கக் கூடாது? பேனாவைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே!" என்றார்கள். "இந்த ஊர்ல எத்தனை வூட்டுல அந்தப் பொம்பளைய வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன் தெரியுமா? பேச்சு உன்னது. வாய் என்னதாச்சே" என்றார்கள். சொல்லும்போது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார்கள்.

நான் ஆவணியைப் பற்றி எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. "அந்தப் பேச்சை இப்ப என்கிட்ட எடுக்காத. பொண்ணு மேல குத்தம் இல்ல. ஆனா எடுக்காத" என்றார்கள். தரகர் இன்று வந்து, மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்த ஓலை எழுதுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. அம்சவல்லி பேசுகிறாள். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. இதை உன் மேல் சுமத்துவதற்காக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் கிளம்பும்போது காசியம்மாள் கேட்டார்கள்: "அந்தம்மா இப்ப எங்க இருக்குது?"

"பரங்கிப்பேட்டையில, அம்மா வூட்டுல."

"பஸ்ஸு போவுதா?"

சிதம்பரத்தில் மாறிப் போக வேண்டும் என்றேன். "பிராதை வாபஸ் வாங்கணும். ஆனா சாமிகிட்ட போறதுக்கு முன்ன அந்தம்மாகிட்ட போவணும். நேர்ல நின்னு சொல்லணும். நீயும் வா. வாசல் வரைக்கும் விட்டா வாசல்ல நிக்கறோம்" என்றார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், பஸ் என்றால் வாந்தி வரும் என்று ஊர் தாண்டாதவர்கள்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். கேட்பது வேறு. ஆகஸ்ட் மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காசியம்மாளை அழைத்துக்கொண்டு நான் உன் தாயார் வீட்டுக்கு வரலாமா? அவர்கள் மட்டும் வரட்டும், நான் வேண்டாம் என்றால் சிதம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டு அங்கேயே காத்திருக்கிறேன். இரண்டு பேரும் வேண்டாம் என்றால் அதையும் எழுது, அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எதுவானாலும் பதில் சீக்கிரம் போடு.

விருத்தாம்பாள்